சங்கம் சொன்னா ஓட்டு விழுமா? – பெரம்பூர் மில் முதல் பல்கலைக்கழகம் வரை

தேர்தல் நேரத்தில், ஷிஃப்ட் மாறும் வேளையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒருமுறை நின்று பாருங்கள். தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே ஒரு ஆட்டோ, அதன் தலையில் ஒரு ஸ்பீக்கர், சுற்றி நாலு கொடி. எட்டு மணி நேரம் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு டிபன் பாக்ஸும் கையுமாக வெளியே வருகிறவர்களிடம் ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருப்பார். இதற்குப் பெயர் கேட் மீட்டிங். மற்ற நாள்களில் போனஸ், சம்பள ஒப்பந்தம், கேன்டீன் சாம்பார் என்று ஓடும் பேச்சு, தேர்தல் வந்ததும் வேட்பாளர் பெயருக்கும் சின்னத்துக்கும் தாவிவிடும். ‘நம்ம சங்கத்தோட ஆதரவு இன்னாருக்கு!’

கேட்கிறவர் தலையாட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார். சங்கம் சொன்ன சின்னத்துக்குத்தான் அவர் ஓட்டுப் போட்டாரா என்பது அவருக்கும் அந்த மெஷினுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

சரி, இதே காட்சியை ஒரு பல்கலைக்கழக வாசலில் கற்பனை செய்யுங்கள். பேராசிரியர் சங்கத் தலைவர் ஆட்டோவில் ஏறி நின்று வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கிறார். கீழே கிளார்க்குகளும் லேப் அசிஸ்டென்ட்டுகளும் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். சிரிப்பு வருகிறதா? அமெரிக்காவில் இது சர்வசாதாரணம். கார் தொழிலாளர்களுக்காக 1935-ல் டெட்ராய்ட்டில் தொடங்கிய யு.ஏ.டபிள்யு. என்ற சங்கத்தில் இன்று ஏறக்குறைய நாலில் ஒருவர் கார் தொழிற்சாலைப் பக்கமே போகாதவர். ஆராய்ச்சி மாணவர், வகுப்பு எடுக்கும் உதவி ஆசிரியர், விடைத்தாள் திருத்துகிறவர் என எல்லோரும் பல்கலைக்கழகத் தொழிலாளர்கள். 2022-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மட்டும் இவர்கள் 48,000 பேர் ஆறு வாரம் ஸ்டிரைக் செய்தார்கள். 2024 அதிபர் தேர்தலில் அதே சங்கம் முதலில் ஜோ பைடனுக்கும், அவர் விலகியதும் கமலா ஹாரிஸுக்கும் ஆதரவு அறிவித்து ஓட்டுக் கேட்டது.

இங்கே துறைமுகத்துச் சங்கம் வெளிப்படையாகச் செய்வதை, பல்கலைக்கழகச் சங்கம் ஏன் செய்வதில்லை? பதிலைத் தேடிப் போனால் அது பெரம்பூருக்கும் ராயபுரத்துக்கும்தான் கொண்டுவந்து விடுகிறது.

முதலாளியே தேர்தலில் நின்றால்...

தனியார் தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு, எந்தக் கட்சி ஜெயித்தாலும் முதலாளி அதே முதலாளிதான். ஆனால் மாநகராட்சி, மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், அரசுப் பல்கலைக்கழகம் இங்கெல்லாம் கதை வேறு. சம்பளம், பென்ஷன், காலியிடம் நிரப்புவது என எல்லாவற்றிலும் கடைசிக் கையெழுத்து ஆட்சியில் இருப்பவருடையது. துறைமுகத்துக்கு அந்தக் கையெழுத்து டெல்லியில். அதாவது இவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தங்கள் முதலாளியையே தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது சம்பளம், பென்ஷன் என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்கிறவர்களும் ஓய்வுபெற்றவர்களும் தவித்துப் போனார்கள். 2023 ஆகஸ்ட்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறி உங்களுக்குத் தெரியும். இந்தப் பிரச்னைகளில் எதையும் பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே உட்கார்ந்து பேசித் தீர்க்க முடியாது. அரசியலில்தான் தீர்வு. அப்படியானால் அங்குள்ள சங்கத்துக்குத் தேர்தலில் அக்கறை இருக்காதா?

இருக்கும். ஆனால் அதே காரணத்துக்காகத்தான் சட்டம் கடிவாளம் போடுகிறது. அரசு ஊழியர் அரசியல் பிரசாரத்தில் ஈடுபடக் கூடாது என்கின்றன நடத்தை விதிகள். வேட்பாளரின் ஏஜென்ட்டாக அரசு ஊழியர் உட்கார்ந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134-ஏ பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை. தேர்தல் பணிக்குப் போகிறவருக்கு இன்னும் கடுமை. தன் ஓட்டைப் போடுவதைத் தவிர எந்த வேட்பாளருக்கும் சாதகமாக எதுவும் செய்யக் கூடாது என்கிறது 129-வது பிரிவு. பூத்தில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள்தானே!

வேட்பாளருக்கும் ஆபத்து உண்டு. அரசு ஊழியரின் உதவியைப் பெற்றது நிரூபணமானால் வெற்றியே செல்லாமல் போகும். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றி ரத்தானது இந்தப் பிரிவால்தான். பிறகு நாடு என்ன பாடுபட்டது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

கொடி பிடிக்காமல் ஒரு பிரசாரம்

கடிவாளம் இருந்தால் குதிரை ஓடாதா என்ன? 2003 ஜூலையை நினைவிருக்கிறதா? நான் அப்போது பால்வாடி வயசு. படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பென்ஷன் சலுகைகளில் கை வைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர், ஆசிரியர் அமைப்புகள் ஸ்டிரைக்கில் இறங்கின. ஜெயலலிதா அரசு ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தது. வீடு தேடிப் போய்க் கைது செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சி.ஐ.டி.யு. தலைவர் டி.கே.ரங்கராஜன் பெயரில் இருந்த அந்த வழக்கில், ஸ்டிரைக் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ கிடையாது என்று ஆகஸ்ட் மாதம் தீர்ப்பு வந்தது. பெரும்பாலானோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் மறுபடி வேலைக்குப் போக முடிந்தது.

அடுத்த வருடம் நாடாளுமன்றத் தேர்தல். அந்த ஊழியர்கள் யாரும் மேடை ஏறவில்லை, ஏறவும் முடியாது. ஆனால் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் மாமாவோ சித்தியோ இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் எத்தனை? ஒருவர் வேலை போனால் அவருக்குப் பின்னால் ஒரு வீடு, அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள், அந்தத் தெரு. 39 தொகுதிகளில் ஒன்றில்கூட அ.தி.மு.க. ஜெயிக்கவில்லை. தோல்விக்குக் கூட்டணிக் கணக்கு உட்பட வேறு காரணங்களும் இருந்தன, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் முடிவு வந்த சில நாள்களிலேயே ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளை ஜெயலலிதா திரும்பப் பெற்றார். காரணம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

தபால் ஓட்டு எண்ணும்போது டி.வி. முன்னால் இத்தனை பரபரப்பு ஏன் என்பதற்கும் விடை இங்கேதான். முதல் அரை மணி நேரத்தில் வரும் அந்த எண்களில் பெரும்பகுதி தேர்தல் பணிக்குப் போன ஊழியர்களின் மனசு.

ஆறு இடம் உழைப்பாளிக்கு, ஒன்று பல்கலைக்கழகத்துக்கு

ஒரு காலத்தில் இவ்வளவு சுற்றுவழி தேவைப்படவில்லை. 1937-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது மொத்தம் 215 இடங்கள். அதில் 6 இடம் தொழிலாளருக்கும் தொழிற்சங்கங்களுக்கும் என்றே ஒதுக்கியிருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு 1 இடம். நிலச்சுவான்தார்களுக்கும் வியாபாரிகளுக்கும்கூடத் தலா 6 இருந்தது என்பதால் ரொம்பவும் உணர்ச்சிவசப்பட வேண்டாம். ஆளாளுக்குப் பங்கு பிரித்துக்கொடுக்கும் ஆங்கிலேயர் கணக்கு அது.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே ஓட்டு என்று ஆனதும் அது போயிற்று. மேலவையில் மட்டும் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தொகுதி மிஞ்சியது. பள்ளி ஆசிரியரிலிருந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் வரை ஓட்டுப் போட்டுத் தங்களுக்கென்று ஒருவரை அனுப்பலாம். 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழ்நாடு மேலவை கலைக்கப்பட்டதோடு அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. மேலவை இன்னும் இருக்கும் தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் போய்ப் பாருங்கள். 2025-ல் வாரங்கல் – கம்மம் – நல்கொண்டா ஆசிரியர் தொகுதியில் ஜெயித்தவர் பி.ஆர்.டி.யு. என்ற ஆசிரியர் சங்கத்தின் வேட்பாளர். அங்கே சங்கம் தன் ஆளுக்குத் தானே ஓட்டுக் கேட்கிறது.

வடசென்னைக்காரர்கள் இதைக் கேட்டு, ‘இதென்ன பிரமாதம், நாங்க அப்பவே பண்ணிட்டோமே’ என்று சொல்லலாம். சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

பெரம்பூரில் பிறந்த சட்டம்

1918 ஏப்ரல் 27. பெரம்பூர் பக்கிங்ஹாம் – கர்நாடிக் மில், நம் பாட்டன்மார் வாயில் பின்னி மில். சாப்பாட்டு இடைவேளை அரைமணி நேரம்தான், ஓடிப்போய் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் சங்கு ஊதிவிடுகிறது என்பதுதான் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று. அதைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் அந்த வட்டாரத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் ராமானுஜலு நாயுடுவும். அவர்கள் போய் அழைத்து வந்தவர் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி.வாடியா. அப்படிப் பிறந்ததுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

பாடப் புத்தகம் சொல்லாத ஒன்று உண்டு. 1920-ல் மில் நிர்வாகம் உயர்நீதிமன்றத்துக்குப் போய் வாடியா உள்ளிட்ட தலைவர்கள் மீது நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டுகிறார்கள் என்பது புகார். நீதிமன்றம் தடை உத்தரவும் போட்டது. சங்கம் நடத்துவதே குற்றமா என்று நாடு முழுவதும் கேள்வி எழுந்தது. பம்பாய்த் தலைவர் என்.எம்.ஜோஷி 1921-ல் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருடம் கழித்து வந்ததுதான் 1926 தொழிற்சங்கச் சட்டம். அந்தச் சட்டத்தின் விதை விழுந்தது பெரம்பூரில்.

அந்தச் சட்டத்தின் 16-வது பிரிவுதான் நம் விஷயத்துக்கு உயிர். சங்கம் அரசியல் செய்யலாம். வேட்பாளருக்குச் செலவு செய்யலாம், கூட்டம் போடலாம், நோட்டீஸ் அடிக்கலாம், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க உதவலாம். ஆனால் சந்தாப் பணத்தில் கை வைக்கக் கூடாது. அரசியலுக்கென்று தனி உண்டியல் வைக்க வேண்டும். அதில் காசு போடுவது உறுப்பினரின் விருப்பம். போடாதவருக்கு சங்கத்தின் எந்தச் சலுகையையும் மறுக்கக் கூடாது. அரசியல் நிதி கொடுத்தால்தான் உறுப்பினர் அட்டை என்று சொல்லவும் கூடாது.

இங்கிலாந்தில் ஆஸ்போர்ன் என்ற ரயில்வே ஊழியர், என் சந்தாவை எடுத்து ஏன் கட்சிக்குக் கொடுக்கிறீர்கள் என்று சொந்தச் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டு 1909-ல் ஜெயித்தார். அதன் பிறகு அங்கே 1913-ல் வந்த தனி நிதி ஏற்பாட்டின் சாயல்தான் இது. அமெரிக்காவிலும் தேசியத் தேர்தல் வேட்பாளருக்குச் சந்தாப் பணத்தை நேரடியாகக் கொடுக்க முடியாது. யு.ஏ.டபிள்யு. அதற்கென்று உறுப்பினர்கள் விரும்பித் தரும் தனி நிதி வைத்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நம் நாட்டில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலாகி 1926 சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் அடங்கிவிட்டது. தனி நிதியும், கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதியும் அதிலும் தொடர்கின்றன.

இவ்வளவு விளக்கமாக எழுதக் காரணம், நான் பேசிப் பார்த்த வரையில் சங்க உறுப்பினர்கள் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியவில்லை. ‘சந்தா பிடிப்பாங்க, மாநாட்டுக்கு நன்கொடை கேட்பாங்க, எல்லாம் ஒண்ணுதானே’ என்பதுதான் பொதுவான எண்ணம். ஒன்றில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எம்.பி.

சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கதையில் 1946-ல் ஒரு புதிய ஆள் வருகிறார். எஸ்.சி.சி.அந்தோணிப்பிள்ளை. 1914-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கொழும்பிலும் லண்டனிலும் படித்தவர். பெரிய உத்தியோகத்துக்குப் போயிருக்க வேண்டிய படிப்பு. போகவில்லை. இலங்கையில் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து தோட்டத் தொழிலாளர்களிடம் போனார். அந்தக் கட்சியின் தலைவர் பிலிப் குணவர்தனவின் தங்கை கரோலினைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் இந்தியா வந்து, சிறை சென்று, கடைசியில் பெரம்பூர் மில் தொழிலாளர்களின் தலைவரானார். 1947-ல் பின்னி மில்லில் நூறு நாள் ஸ்டிரைக். நாடு சுதந்திரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

பத்து வருடம் கழித்து, 1957 நாடாளுமன்றத் தேர்தலில் வடசென்னை அவரை டெல்லிக்கு அனுப்பியது. நாடு முழுவதும் காங்கிரஸ் அலை அடித்த காலம் அது. ஸ்டிரைக்கில் கூட நின்றவர், நம் அடுப்பு எரியாத நாளில் நம் தெருவில் இருந்தவர் என்பதுதான் அவருடைய பிரசாரத்துக்கு முதல் பலம். பிற்காலத்தில் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் அவரே தலைவர். அதற்கு முன்பே, 1952-ல், வண்ணாரப்பேட்டை ஜீவாவைச் சட்டசபைக்கு அனுப்பியிருந்தது. 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலர், மாநகராட்சி மன்றத்தில் கவுன்சிலராக உட்கார்ந்ததும் இதே ஊரில்தான்.

அந்தோணிப்பிள்ளை, வாடியா, ஜீவா மூன்று பேருமே மில்லில் தறி ஓட்டியவர்கள் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? படித்தவர்கள் வந்து பாட்டாளிகளோடு நின்றார்கள். 1989, 1991 இரண்டு தேர்தல்களிலும் வடசென்னையில் ஜெயித்த தா.பாண்டியன்கூட காரைக்குடி அழகப்பா கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். நம்மூரில் கல்லூரி வாத்தியார் தன் சங்கத்துக்காக ஓட்டுக் கேட்டதைவிட, தொழிலாளிக்காக ஓட்டுக் கேட்டதுதான் அதிகம்.

கட்சிக்குச் சங்கமா, சங்கத்துக்குக் கட்சியா?

அறுபதுகளுக்குப் பிறகு காற்று மாறியது. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சங்கம். தி.மு.க.வுக்குத் தொ.மு.ச., அ.தி.மு.க.வுக்கு அண்ணா தொழிற்சங்கப் பேரவை, கம்யூனிஸ்டுகளுக்கு ஏ.ஐ.டி.யு.சி.யும் சி.ஐ.டி.யு.வும், காங்கிரஸுக்கு ஐ.என்.டி.யு.சி. ஒரே டிப்போவில் ஆறு போர்டு. ஆட்சி மாறினால் எந்தச் சங்கத்தில் கூட்டம் கூடும் என்பதைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை.

அப்படிக் கட்சிச் சங்கம் ஆனதால் தொழிலாளிக்கு லாபமா நஷ்டமா? இரண்டும்தான். தொ.மு.ச. தலைவர் செ.குப்புசாமி 1998, 1999, 2004 என மூன்று முறை வடசென்னை எம்.பி. ஆனார். 2004-ல் அவர் ஜெயித்த அலையைப் பற்றித்தான் மேலே சொன்னேன். சங்கத்துக்காரர் ஒருவர் டெல்லியில் உட்காருவது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தோணிப்பிள்ளையை நிறுத்தியது சங்கத்தின் பலம். குப்புசாமியை நிறுத்தியது கட்சித் தலைமை. டிக்கெட் எங்கிருந்து வருகிறதோ அங்கேதானே பதில் சொல்ல வேண்டியிருக்கும்?

எப்போதும் அப்படியே என்றும் சொல்ல முடியாது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. சி.ஐ.டி.யு. எதிர்த்ததில் ஆச்சரியமில்லை. ஆளும் கட்சியின் சொந்தச் சங்கமான தொ.மு.ச.வே எதிர்த்தது. மூன்றே நாளில் திருத்தம் கிடப்பில் போடப்பட்டது. மே தினத்தன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். உள்ளே இருந்து உரிமையோடு சண்டை போட ஆள் இருந்தது உதவியது என்றே நினைக்கிறேன். எதிர்க்கட்சிச் சங்கம் மட்டும் கத்தியிருந்தால் மூன்று நாளில் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அடுத்த வருடமே மறுபக்கமும் தெரிந்தது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சி.ஐ.டி.யு. தலைமையில் 37 நாள் ஸ்டிரைக் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்து கொடுங்கள் என்பது முக்கியக் கோரிக்கை. பதிவு செய்ய வேண்டியது தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறை. அந்த அரசின் கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சி. சில மாதங்களுக்கு முன்புதான் ஒரே மேடையில் ஓட்டுக் கேட்டிருந்தார்கள். பதிவுச் சான்றிதழ் 2025 ஜனவரியில் கைக்கு வந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மட்டும் நிம்மதியா? 2024 ஜனவரியில் யு.ஏ.டபிள்யு. மாநாட்டில் பைடனுக்கு ஆதரவு அறிவித்தபோது, காஸாவில் போரை நிறுத்தச் சொல்லிக் கூட்டத்துக்குள்ளிருந்தே கோஷம் எழுந்தது. சங்கத்தின் பல்கலைக்கழகக் கிளைகள் பலவற்றில் காஸாதான் பேச்சு. கார் தொழிற்சாலைப் பக்கமோ டிரம்புக்கு ஓட்டுப் போடுகிற உறுப்பினர்களும் கணிசம். சங்கம் ஒன்றுதான், மனசு ஒன்றில்லை. நம் கேட் மீட்டிங்கில் தலையாட்டிவிட்டுப் போகிறவரின் நிலைமைதான் அங்கேயும்.

நடுவில் ஒருவர் நிற்கிறார்

இதெல்லாம் நிரந்தர வேலை, அடையாள அட்டை, சந்தாப் பிடித்தம் உள்ளவர்களின் கதை. எண்ணூர், மணலி, துறைமுகம் எங்கே போனாலும் இன்று கேட்டுக்குள் போகிற கூட்டத்தில் கான்ட்ராக்ட் ஆள்கள்தான் கண்ணில் நிறைகிறார்கள். அவர்களுடைய முதலாளி யார்?

2025 ஆகஸ்ட் 1 முதல் 13 வரை ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் கேட்டதும் அதுதான். மாநகராட்சியின் 5-வது மண்டலமான ராயபுரத்திலும் 6-வது மண்டலமான திரு.வி.க. நகரிலும் குப்பை அள்ளும் வேலை தனியார் நிறுவனத்துக்குப் போனது. பத்து வருடத்துக்கும் மேலாக அதே தெருக்களைக் கூட்டியவர்கள் பலர் அவர்களில் உண்டு. பெரும்பாலும் பெண்கள். மாநகராட்சியிலேயே நிரந்தரமாக்குங்கள், தனியாரிடம் போனால் கையில் வரும் சம்பளம் குறையும் என்றார்கள். பத்து வருடம் முடித்த ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னதை எடுத்துக் காட்டினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய உழைப்போர் உரிமை இயக்கம் பெரிய கட்சிகளின் கிளைச் சங்கம் இல்லை. ஆகஸ்ட் 13 நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

மாநகராட்சி ஊழியராக இருந்தால் அவர்களும் முதலாளியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள். கான்ட்ராக்டர் நடுவில் வந்து நின்றதும் அந்தக் கம்பி அறுந்துவிடுகிறது. ஓட்டு அதே ஓட்டுதான். ஆனால் சம்பளத்துக்கு யாரைக் கேட்பது? மேயரைக் கேட்டால் கம்பெனியைக் காட்டுவார். கம்பெனி எந்தத் தேர்தலிலும் நிற்பதில்லை. அந்தத் தெருக்களில் ஒரு மண்டலத்துக்கே, முதல் தொழிற்சங்கத்தின் துணைத் தலைவர் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

பல்கலைக்கழகம் மட்டும் விதிவிலக்கா? அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளைத் தாங்கிப் பிடிக்கும் கௌரவ விரிவுரையாளர்களைக் கேளுங்கள். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-லேயே சொன்னது. அதைக் கேட்டு ஆண்டுதோறும் போராட்டம் நடக்கிறது. எம்.ஃபில்., பிஹெச்.டி. முடித்தவர்கள். பட்டம் பெரியது, நியமனம் தற்காலிகம். நிரந்தரப் பேராசிரியர்களின் சங்கத்தில் அவர்கள் குரல் எவ்வளவு கேட்கும் என்பதை அவர்களே சொல்லட்டும்.

இன்னும் ஒரு படி கீழே போனால், ஓட்டே இங்கே இல்லாதவர்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 வெளிமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுடைய வாக்காளர் அட்டை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். எந்த வேட்பாளரும் அவர்கள் தங்கியிருந்த தகர ஷெட்டுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு போகப்போவதில்லை. எந்தச் சங்கமும் அவர்கள் பெயரைச் சொல்லி ஒருவருக்கு ஓட்டுக் கேட்கப்போவதுமில்லை. புதிய சட்டத்தொகுப்பில் ஒரு நிறுவனத்தின் மஸ்டர் ரோலில் இருக்கிறவர்களில் 51 சதவிகிதம் பேரின் ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். கான்ட்ராக்ட் ஆள்களின் பெயரோ பெரும்பாலும் கான்ட்ராக்டரின் ரோலில்தான்.

ஆகவே அடுத்த முறை கேட் மீட்டிங்கில் உங்கள் சங்கம் ஒரு வேட்பாளரின் பெயரைச் சொன்னால், மூன்று விஷயம் கேளுங்கள். இந்த முடிவை எந்தக் கூட்டத்தில் எடுத்தீர்கள், எங்களைக் கேட்டீர்களா? ஆட்டோவுக்கும் நோட்டீஸுக்கும் காசு எந்த உண்டியலிலிருந்து வந்தது? கான்ட்ராக்ட் ஆள்களைப் பற்றி அந்த வேட்பாளர் எழுத்தில் என்ன கொடுத்திருக்கிறார்? கேட்டதற்காக உங்கள் உறுப்பினர் அட்டையை யாரும் பிடுங்க முடியாது.

இன்னொன்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135-பி பிரிவின்படி, ஓட்டுப்பதிவு நாளன்று வேலை செய்கிறவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரக்கூடிய வேலைகளுக்கு மட்டும் விலக்கு. தினக்கூலிக்கும் இது பொருந்தும், அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. ஆமாம், வெறும் ஐந்நூறுதான். கான்ட்ராக்ட் ஆள்கள் பலர் அன்றைய கூலி போய்விடுமே என்றுதான் ஓட்டுப் போடப் போவதில்லை. கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடிக்கிறவர் வேட்பாளர் பெயரைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.